எடை குறைக்க ஆபரேஷனா? கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க!

எங்க ஊர்ப் பெண் ஒருவர், எடை குறைப்பு ஆபரேஷனுக்காக சென்னை போய், 2017ல் இறந்து போனார். 2024 ஏப்ரலில் அதே மாதிரி ஆபரேஷனில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், அவரும் சென்னையில்தான், பலியானார். சுகாதாரத் துறை விசாரித்து, அந்த மருத்துவமனையின் பதிவை தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இப்படி செய்தி வரும்போதெல்லாம் இங்கே இரண்டே பேச்சுதான்... 'அழகுக்கு ஆசைப்பட்டா இப்படித்தான்' என்பது ஒன்று. 'பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுத்தினா குறையாதா?' என்பது இன்னொன்று.

நூறு கிலோவைத் தாண்டி, மூட்டும் தேய்ந்தவளை நடக்கச் சொல்வது என்னங்க நியாயம்? (சுத்தி முடிச்சதும் நாம வெளுத்துக்கட்டுற இட்லி, வடையை அண்ணாமலையார்தான் கணக்கு வைக்கணும்!)

இது அழகுக்கான ஆபரேஷன் இல்லை, தோழிகளே. இரைப்பையில் முட்டை அளவுக்கு மட்டும் தனியாகப் பிரித்து, அதை நேராக சிறுகுடலோடு இணைத்து விடுகிறார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து விடும். பலருக்கு சர்க்கரை நோயும் நன்றாகக் கட்டுப்படுகிறது. நம் நாட்டில் பல வருடங்களாகப் பின்பற்றிய கணக்குப்படி, ஐந்தடி உயரப் பெண் சுமார் 87 கிலோ இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை இருந்தால் 75 கிலோ. கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ இறக்க நினைப்பவர்களுக்கு இதில் வேலையே இல்லை.

எனக்குப் பயமெல்லாம் அப்புறம் வாழும் வாழ்க்கையை நினைத்துதான். இரும்புச்சத்து, கால்சியம், பி12 எல்லாம் ஆயுசுக்கும் எடுத்துக்கணும். முட்டை, பருப்பு, மீன் முதலில், சோறு கடைசியில். அதையும் மெதுவாக, நன்றாக மென்று சாப்பிடணும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததை நின்னுக்கிட்டே விழுங்குகிற நம்மை எந்த மாமியார் அப்படி உட்கார வைப்பார்? 'எடை குறைஞ்சா குழந்தை பிறக்கும்' என்று அவசரப்படுத்தும் குடும்பங்களுக்கும் ஒன்று... ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பது... இந்த ஆபத்துகள் வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். சென்னைக்கு இங்கிருந்து நாலு மணி நேரம். ராத்திரி வயிற்று வலி, மூச்சுத்திணறல், படபடப்பு என்றால் யாருக்குப் போன் செய்வது? பணம் கட்டுமுன் அந்த நம்பரை வாங்குங்கள். நம்ம ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் காட்ட, என்ன ஆபரேஷன் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.