நீர்க்கடுப்பு: குற்றவாளி யார்?

நீர்க்கடுப்பு வந்தால் நம் ஊரில் முதல் குற்றவாளி வெயில்தான். "சூடு பிடிச்சிருக்கு" என்பார்கள். இளநீர், மோர், கால் கட்டைவிரலில் கொஞ்சம் சுண்ணாம்பு. போகட்டும், அதில் யார் மேலும் பழி இல்லை. அதே பெண்ணுக்கு மூன்று மாதத்தில் மறுபடியும் வந்தால்தான் பேச்சு மாறும். "சுத்தமா இருக்கியா இல்லையா?" என்று அம்மாவே கேட்பார். கல்யாணமானவள் என்றால் கேள்வி இன்னும் கோணலாகப் போகும். அவள் கூனிக்குறுகி, அடுத்த முறை யாரிடமும் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டை நீட்டி மாத்திரை வாங்கிக்கொள்வாள்.

இந்தத் தீர்ப்பு தப்பு. ஏன் தப்பு என்பது சிறுநீர்ப்பைக்குள் நடக்கும் சண்டையைப் பார்த்தால் தெரியும்.

பெரும்பாலான நேரம் வில்லன் ஈ.கோலி என்ற பாக்டீரியா. வெளியூர்க்காரன் இல்லை, நம் குடலில் குடியிருப்பவன்தான். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கு சுமார் 20. உலகத்துப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது என்பதற்கு இந்த அளவுக் கணக்கே பாதி விளக்கம்.

உள்ளே நுழைந்தவனுக்கு முதல் எதிரி சிறுநீரின் ஓட்டம். அடித்துக்கொண்டு போய்விடும். அதோடு சிறுநீரகம் யூரோமாடுலின் என்றொரு புரதத்தைக் கலந்து அனுப்புகிறது. இது ஒரு பொய்க்கொம்பு மாதிரி. பாக்டீரியா பிடித்துக்கொள்ள நீட்டும் கை, பையின் சுவருக்குப் பதில் இதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். (அந்தக் கையின் நுனிக்கு ஃபிம்ஹெச் என்று பெயர். அது தேடுவது மேனோஸ் என்ற சர்க்கரையை. அதனால் மேனோஸ் பவுடர் குடித்தால் போதும் என்று ஒரு வியாபாரமே நடக்கிறது. 2024இல் பிரிட்டனில் சுமார் 600 பெண்களிடம் சோதித்துப் பார்த்ததில் பலன் ஒன்றும் தெரியவில்லை.)

தப்பியவன் சுவரில் ஒட்டுகிறான். பையின் உள்பக்கம் குடை செல்கள் என்ற பெரிய பெரிய செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி பரவியிருக்கின்றன. சிறுநீரில் இருக்கும் கழிவுகள் திரும்ப உடம்புக்குள் கசியாமல் காப்பது இவைதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1998இல் எலிகளிடம் பார்த்தது இது: பாக்டீரியா ஒட்டிய குடை செல் தன்னையே கொன்றுகொண்டு, ஒட்டியவனோடு சேர்த்துக் கழன்று சிறுநீரில் போய்விடுகிறது. தீப்பிடித்த ஓலையைக் கூரையிலிருந்து பிடுங்கி வீசுகிற மாதிரி. இதற்கிடையில் சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. லேப் ரிப்போர்ட்டில் "பஸ் செல்ஸ்" என்று போட்டிருப்பார்களே, பெரும்பாலும் இவைதான். எரிச்சலும் வலியும் இந்தப் போரின் புகை.

ஓலையைப் பிடுங்கி வீசியதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடியில் இருக்கும் இளம் செல்கள் மூடியில்லாமல் நிற்கும். சில பாக்டீரியா அங்கே புகுந்து தூங்க ஆரம்பித்துவிடும். 2003இல் அதே செயின்ட் லூயிஸ் குழு, எலியின் பைச் செல்லுக்குள் பாக்டீரியா மூட்டை மூட்டையாக ஒளிந்திருப்பதைக் காட்டியது. 2007இல் இந்தத் தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் அதே மாதிரி மூட்டைகளைக் கண்டார்கள். செல்லுக்குள் இருப்பவனைப் பல ஆன்டிபயாடிக்குகளால் எளிதில் தொட முடிவதில்லை. திரும்ப வருகிற எல்லாத் தொற்றும் இப்படி வருவதில்லை. குடலிலிருந்து புதிதாக நுழைவதும் நிறைய. ஆனால் இரண்டிலும் அந்தப் பெண்ணின் சோப்புக்கு என்ன சம்பந்தம்?

அடுத்து வருவதுதான் முக்கியமான விஷயம். ஒரு தடவை தட்டம்மை வந்தால் உடம்பு அதை மறப்பதில்லை. சிறுநீர்ப்பை மட்டும் ஏன் மறந்துவிடுகிறது? டியூக் பல்கலைக்கழகத்தில் சோமன் ஆபிரகாம் குழு இதைத் துருவிப் பார்த்தது. எலியின் சிறுநீரகம் வரை தொற்று போனால் ஆன்டிபாடி நன்றாக உருவாகிறது. பையோடு நின்றால் உருவாவதில்லை. முதலில் அபாயச் சங்கு ஊதும் மாஸ்ட் செல்களே, கொஞ்ச நேரம் கழித்து ஐ.எல்-10 என்ற பொருளைச் சுரந்து "போதும், அடங்கு" என்று சொல்லிவிடுகின்றன. இது 2013இல் தெரிந்தது. 2020இல் இன்னொன்று தெரிந்தது: பைக்கு வரும் டி செல்கள் எதிரியைத் துரத்துவதைவிட கழன்ற கூரையை மறுபடி வேய்வதில்தான் குறியாக இருக்கின்றன.

முட்டாள்தனமா? இல்லை. பையில் இருப்பது கழிவுநீர். ஓட்டையான சுவரோடு அதைத் தாங்குவதைவிட நாலு பாக்டீரியா மிச்சமிருப்பது மேல் என்பது அந்த உறுப்பின் கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான், விலையைத்தான் அவள் கொடுக்கிறாள். திரும்பத் திரும்ப ரிப்பேர் நடந்தால் சுவர் தடித்து, பை கொள்ளும் அளவு குறையும். 2024இல் வந்த ஆய்வில் பையில் வலி நரம்புகளே புதிதாக முளைத்திருப்பது தெரிந்தது. "கல்ச்சரில் ஒன்றும் இல்லையே, எல்லாம் மனசுதான்" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ! கிருமி போன பிறகும் வலி நிஜமாகவே இருக்க முடியும்.

சரி, சுத்தத்துக்குப் பங்கே இல்லையா? அமெரிக்காவில் அடிக்கடி தொற்று வரும் இளம்பெண்களை, வராதவர்களோடு ஒப்பிட்டு 2000இல் ஒரு ஆய்வு வந்தது. துடைக்கும் திசை, உள்ளாடை போன்ற வழக்கமான சந்தேகங்களில் ஒன்றும் தேறவில்லை. தேறியவற்றில் உடலுறவு உண்டு, விந்துக்கொல்லி மருந்து உண்டு, அம்மாவுக்கு இதே தொல்லை இருந்ததும் உண்டு. (கேள்வி கேட்ட அம்மா கவனிக்க.) பழிக்குப் பயந்து கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால், காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும். பழைய சீட்டு மாத்திரையும் அப்படித்தான். எந்த மருந்துக்கு அடங்கும் என்று கல்ச்சர் பார்க்காமல் விழுங்கிக்கொண்டே இருந்தால் எதற்கும் அடங்காத ஈ.கோலிதான் மிஞ்சும். காய்ச்சல், குளிர், இடுப்புக்கு மேலே முதுகுவலி வந்தால் சிறுநீரகம் வரை போய்விட்டது என்று அர்த்தம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

தண்ணீருக்கு மட்டும் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018இல் வந்த ஒரு சோதனை. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேர் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை வந்தது. குடிக்காதவர்களுக்கு 3.2. மாத்திரை இல்லை, செலவு இல்லை. ஆனால் ஒன்றரை லிட்டர் குடித்தவளுக்கு அதை இறக்க ஒரு இடம் வேண்டும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத, குழாயில் தண்ணீர் வராத கல்லூரியில் காலை எட்டரைக்கு நுழைகிறவள், நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும்போது நிரம்பிய பாட்டிலை மூடி திறக்காமல் அப்படியே எடுத்துப் போகிறாள். "சுத்தமா இருக்கியா?" என்ற கேள்வியை அந்தக் கல்லூரி நிர்வாகத்திடம் யாரும் கேட்பதில்லை.