வியர்வை வெட்கமன்று

திண்டுக்கல் – நத்தம் சாலையிலுள்ள நம் சாணார்பட்டியில் சித்திரை வந்தால் வியர்க்காதவர் யார்? ஆயினும், அக்குளில் ஈரம் தெரியுமே என்று அஞ்சி, விடை தெரிந்திருந்தும் கையை உயர்த்தாத மாணவியர் நம்மிடையே உண்டு. இந்த அச்சம் அறியாமையால் வளர்வது.

வியர்வைக்குத் தனக்கென வாடை இல்லை. பருவ வயதில் அக்குள் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அச்சுரப்பைத் தோலிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைப்பதாலேயே வாடை எழுகிறது. ஆகவே, நாள்தோறும் சோப்பிட்டுக் குளித்து, ஈரம் போகத் துடைத்து, துவைத்த பருத்தியாடை அணிந்தாலே பெரும்பகுதி தீரும்.

டியோடரண்ட் வாடையை மட்டுமே குறைக்கும். வியர்வையைத் தடுப்பது அலுமினிய உப்பு கலந்த வேறு வகை. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை படிய அந்த உப்பும் ஒரு காரணம். பிளீச்சிங் பவுடர் அந்தக் கறையை அதிகமாக்கக்கூடும். சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, அரைமணி கழித்துத் துவைப்பது நலம். கறை போகுமுன் இஸ்திரி போடலாகாது.

1919-இல் அமெரிக்க மகளிர் இதழ் ஒன்றில், பெண்களின் அக்குள் வாடையைக் காட்டி அச்சுறுத்தும் ‘ஓடோரோனோ’ விளம்பரம் வெளிவந்தது. சுமார் 200 பேர் சினந்து சந்தாவை நிறுத்தினர், விற்பனையோ பெருகியது. வெட்கத்தையும் விற்கலாம் என்று வணிகர் கண்டுகொண்டனர்.

தூய்மை நம் கடமை. விலையுயர்ந்த வாசனை கடமையன்று. காட்டு வேலை செய்து நம்மைப் படிக்க வைக்கும் பெற்றோரின் சட்டையிலும் வியர்வைக் கறை உண்டு. 1955-இல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தியது உழைப்பைப் போற்றவே. தோழியரே, அருகிருப்பவளைக் கண்டு மூக்கைப் பொத்துவதை விடுவோம்; சொல்ல வேண்டியதைத் தனியே அழைத்து அன்பாகச் சொல்வோம்.