வெல்ல டப்பாவும் பூட்டும்

இரவு பதினொரு மணிக்குத் தலத்தெருவில் எங்கள் வீட்டு அடுப்படியில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். "சர்க்கரை வியாதியை வச்சுக்கிட்டு வாயைக் கட்ட முடியாதா?" என்று கூடத்திலிருந்தே சத்தம் போடுவேன். என் மனைவி, "பசிக்குதுங்க" என்பாள். ஒரு நாள் வெல்ல டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நாலாம் நாள் நடுராத்திரி அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. மீட்டரில் 52. பதறிப்போய் சீனியைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். மறுநாள் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதன் பிறகு இரவுப் பசியும் குறைந்துவிட்டது.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது குளோத் பெர்னார் என்ற பெயரை மனப்பாடம் செய்தவன் நான். 1849-இல் அவர் முயலின் மூளையடியில் ஊசியால் குத்தினார்; அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. மூளைக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்று அன்றே காட்டினார். 1950-களில், பாரீஸில் பிறந்து அமெரிக்கா போன ழான் மேயர், உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்துவது குறைந்தால் மூளை பசியைக் கிளப்பும் என்றார். பரீட்சைக்குப் படித்தது எனக்கு வீட்டில் உதவவில்லை.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. இன்சுலினும், கொழுப்பிலிருந்து வரும் லெப்டினும் "போதும்" என்று அதற்குச் சொல்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அங்கே நியூரோபெப்டைட் ஒய் போன்ற ரசாயனங்கள் பசியைத் தூண்டும். வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை மிக ஏறியிருந்தாலும் பசிக்கலாம். இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்லுக்குள் போகாது. மூளைக்கும் "போதும்" என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராது.

2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் இந்தியா முழுவதற்கும் சர்க்கரை நோய் 11.4 சதவீதம்; நம் புதுச்சேரியில் 26.3. பெரியவர்களில் நாலில் ஒருவர். அத்தனை வீடுகளிலும் யாரோ யாரையோ "நாக்கு ருசி" என்று ஏசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

வெல்லம் தின்னலாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் மீட்டரை எடுங்கள், பிறகு பேசுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் டாக்டரிடம் போங்கள். இரண்டுக்கும் திட்டு மருந்தல்ல.

வெல்ல டப்பா பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இப்போது சத்தம் கேட்டால் மீட்டரோடு எழுந்து போகிறேன்.