கோடிங் தெரியாட்டியும் பங்களிக்கலாம்

"ஓப்பன் சோர்ஸா? அது ஐடி படிக்கிறவங்க வேலை" என்றுதான் கலைப்பீடத்தில் நாங்களும் சொல்லித் திரிந்தோம். ஆனால் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பங்களிக்கக் கோடிங் தேவையில்லை. இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, செய்மதிப் படத்தில் நம்ம லயத்துக் கூரையைச் சுற்றிக் கோடு போட்டு, பெயரைத் தமிழில் எழுதிச் சேமித்தால் போதும்.

2016 மே மாதம் கேகாலையில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியிலும் மண் சரிந்தது. அப்படியொரு நாளில் மீட்க வருகிறவர்களுக்கு மேல் டிவிஷன் எங்கே, அங்கே எத்தனை லயம், எந்த ரோட்டால் ஏறலாம் என்று தெரிய வேண்டும். அது ஐடிக்காரருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும்: கூகுள் மேப்பைப் பார்த்துக் கொப்பியடிக்கக் கூடாது, உரிமைப் பிரச்சினை வரும். பெயர்களைத் தோட்டத்துப் பெரியவர்களிடமே கேட்போம். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும் ஆளுக்கொரு டிவிஷன் முடிப்போமா?