கார் கண்ணாடி ஃபிலிம் குறித்துத் தெளிவான சுற்றறிக்கை கோரும் மனு

அனுப்புநர்: கார் டெக்கார்ஸ் கடை உரிமையாளர்கள், ஃபிலிம் ஒட்டும் தொழிலாளர்கள் சங்கத்தார், கோயம்புத்தூர்.

பெறுநர்: உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: மத்திய மோட்டார் வாகன விதி 100-இன் திருத்தத்தை நடைமுறைப்படுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கறுப்பு ஃபிலிமுக்கு அனுமதி கேட்டு நாங்கள் வரவில்லை. உள்ளே இருப்பவர் முகமே தெரியாதபடி இருட்டாக்கிய கார்களுக்கு அபராதம் போடுவதை எங்கள் சங்கம் வரவேற்கிறது. கட்சிக் கொடி கட்டிய வண்டிகளுக்கும் அதே அபராதம் விழுந்தால் இன்னும் மகிழ்வோம்.

1989-ஆம் ஆண்டு விதிகளின் 100-ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். எந்த அளவு ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. அன்றைய விதியில் 'பாதுகாப்புக் கண்ணாடி' மட்டுமே இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் 'சேஃப்டி கிளேசிங்'கும் சேர்ந்தது. உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியும் அதில் அடங்கும் என்று கூறி, அளவு மீறாத ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக் கூடாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவோம். ஆனால் விதி மத்திய அரசுடையது. வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுபடியாகும் ஃபிலிம் இந்தப் பக்கம் குற்றமாவது ஏன் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு எங்களிடம் பதில் இல்லை.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிலிம் பெட்டியில் 70 என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். 75 சதவீதம் வெளிச்சம் விடும் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது ஏறக்குறைய 52. பக்கக் கண்ணாடிக்கு அது தேறும். முன் கண்ணாடிக்குத் தேறாது. 52-க்கும் 48-க்கும் உள்ள வேறுபாட்டை நடுரோட்டில் வெறுங்கண்ணால் யாரும் சொல்லிவிட முடியாது. இதே தொழிலில் இருக்கும் எங்களாலும் முடியாது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

ஆகவே, திருத்தப்பட்ட விதியின்படி எது ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்று எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும், காவல்துறையுடன் கலந்தாலோசித்துப் போக்குவரத்துக் காவல் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரையும், மறுமுறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. அதை விதிக்குமுன் மீட்டரில் அளந்து, அந்த அளவைச் சலானில் எழுத வேண்டும். சாலையிலேயே பிளேடால் ஃபிலிமைக் கிழிப்பதை நிறுத்த வேண்டும். பின் கண்ணாடியின் டீஃபாகர் கம்பிகள் அதில் அறுந்துபோகின்றன. அவற்றைச் சரிசெய்யும் செலவு அபராதத்தைவிட அதிகம்.

எங்கள் பங்குக்கு, ஒட்டிய பின் அளந்த சதவீதத்தை ஒவ்வொரு பில்லிலும் எழுதித் தர எங்கள் கடைகள் தயார். அளவு மீறி ஒட்டும் கடைமீது நடவடிக்கை எடுத்தால் சங்கம் குறுக்கே நிற்காது. தாங்கள் நாள் குறித்தால், மீட்டருடனும் ஃபிலிம் மாதிரிகளுடனும் நேரில் வந்து அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

நகல்: மாநகரக் காவல் ஆணையர், கோயம்புத்தூர்.