ராஃப்டிங் ஒண்ணும் ராட்டினம் இல்லீங்க!

டேராடூனில் வேலை பார்ப்பதால், ரிஷிகேஷ் வரும் நம்ம ஊர் குடும்பங்களுக்கு நான்தான் இலவச தகவல் மையம். ஹரித்வாரில் முழுக்கு, ராம் ஜூலாவில் போட்டோ, மிச்ச அரை நாளில் ராஃப்டிங். டெல்லித் தமிழரானாலும் புனேத் தமிழரானாலும் கேட்பது ஒரே கேள்வி: "சார், ரேட் எங்கே கம்மி?"

இந்தக் கேள்வி மேல்தான் எனக்குக் கோபம்.

சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 16 கிலோமீட்டர். நடுவில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று செல்லப்பெயர் வைத்த சுழிப்புகள். பெயரைக் கேட்டால் தீம் பார்க் மாதிரிதான் இருக்கும். ஆனால் ராட்டினத்தை ஸ்விட்ச் போட்டு நிறுத்தலாம், கங்கையை நிறுத்த முடியாது. மலைப்பனி உருகி வரும் தண்ணீர், விழுந்ததும் மூச்சு முட்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் சிக்கும், பின்னால் வரும் வெள்ளம் ஆளைக் கவிழ்த்து அமுக்கும். மல்லாந்து, காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதக்கச் சொல்வது அதனால்தான். கைடு அதைச் சொல்லும்போது நம்மவர் செல்ஃபியில் பிஸி.

சரி, பேரம் பேசிக் குறைத்த பணம் எதிலிருந்து போகும்? படகைப் பாதியாக வெட்ட முடியாது. கூட வரவேண்டிய பாதுகாப்புக் கயாக், அனுபவமுள்ள கைடு, பக்கிள் உடையாத லைஃப் ஜாக்கெட், இதில் ஒன்றுதான் போகும்.

அடுத்து, "பையனுக்குப் பத்து வயசு, பதினாலுன்னு சொல்லிடலாமா?" உத்தராகண்ட் அரசின் 2014 விதிகளில் 14 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் தலைவழியாகக் கழன்று போகும். விதி வீம்புக்குப் போட்டதல்ல. முறையான கொள்கை இல்லை என்று 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ராஃப்டிங்கையே நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கட்டும்.

"எத்தனையோ பேர் போயிட்டு வர்றாங்களே சார்?" உண்மைதான். கடன் வாங்குகிறவர்களிலும் பெரும்பாலோர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். அதற்காக எந்த பேங்க் கையெழுத்து வாங்காமல் கடன் கொடுக்கிறது?

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். ரேட்டுக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: லைசென்ஸ் இருக்கா? கயாக் கூட வருமா? ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கினால் கழலாமல் நிற்குதா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கரையிலேயே நின்று டீ குடியுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். நாம் பணத்தை மட்டும் அளக்கிறோம். படகில் ஏற்றுவது பிள்ளைகளை.