சுப்ரீம் கோர்ட்டும் நாற்காலிக் கணக்கும்

அமெரிக்காவில் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் ஒன்பது பேர்தான் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிப் பூட்டிவிட வேண்டும் என்பதாகச் சில ஆண்டுகளாக ஒரு கிளர்ச்சி நடந்து வருகிறது. அந்நாட்டுக் காங்கிரஸ் சபையில் இதற்கான திருத்தம் பல தடவை கொண்டுவரப்பட்டும் நிறைவேறியபாடில்லை. அங்கு ஜட்ஜுகளின் எண்ணிக்கை சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது. 1789இல் 6 பேர். 1863இல் 10 பேர். 1866இல் ஜான்சன் என்ற பிரசிடெண்டு யாரையும் நியமிக்க வழியில்லாதபடி 7 ஆகக் குறைத்துக்கொண்டு போக ஒரு சட்டம். அவர் இறங்கியதும் 1869இல் 9 என்று இன்னொரு சட்டம். 1937இல் ரூஸ்வெல்ட்டு, தமது சட்டங்களைக் கோர்ட்டு தள்ளிவிட்ட கோபத்தில், 70 வயது தாண்டியும் விலகாத ஒவ்வொரு ஜட்ஜுக்கும் ஒருவராக ஆறு பேர் வரை புதிதாகச் சேர்க்கப் பார்த்தார். அவருடைய சொந்தக் கட்சியாரே அதை ஒப்பவில்லை. ஆளுகிறவனுக்கு வேண்டிய தீர்ப்புக் கிடைக்காவிட்டால் நாற்காலியைக் கூட்டுவது, வேண்டாதவன் நியமிக்கப் போகிறான் என்றால் குறைப்பது என்கின்ற இந்த விளையாட்டை நிறுத்தத்தான் பூட்டுக் கேட்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பாளையங்கோட்டை வக்கீல் நண்பர் ஒருவர், "இங்கும் அப்படிப் பூட்டிவிட்டால் என்ன? நீங்கள் எந்தப் பக்கம்?" என்று நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. நம் அரசியல் சட்டத்தின் 124ஆவது விதி, பிரதம நீதிபதி நீங்கலாக ஜட்ஜுகள் 7 பேருக்கு மேல் கூடாது என்றும், பார்லிமெண்டு சட்டம் செய்து அதற்கு மேலும் கூட்டலாம் என்றும் சொல்லுகிறது. அப்படியே 1956இல் 10, 1960இல் 13, 1977இல் 17, 1986இல் 25, பிறகு 30, 2019இல் 33 என்று ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அது பொய்க் காரணமும் அல்ல. ஆனால் டில்லியில் அன்றைக்கு மெஜாரிட்டி உள்ளவர்கள் நினைத்தால் நாளைக்கே 50 ஆக்கலாம். மாகாணங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

நம் தாமிரபரணிக் குடியானவனுக்கு இது புதிய சங்கதியல்ல. ஆற்றில் பழைய அணைகள் ஏழு, ஸ்ரீவைகுண்டம் எட்டாவது. மேலே கன்னடியன் கால்வாய்க்காரன் தன் மதகை இஷ்டப்படி அகலமாக்கிக் கொண்டால் கீழே மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் நாற்று காயும். ஆகவே மதகின் அகலத்தை எவனும் தன் மனம்போல் மாற்றக்கூடாது என்பதில் நமக்கு ஆட்சேபணையே கிடையாது. ஆனால் அகலத்தைக் கல்லிலே வெட்டி வைத்துவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? மதகுப் பலகையைத் தூக்கி இறக்குகிறவன் யார்? அவன் எந்தத் தெருக்காரன்? இதையல்லவா கடைமடைக்காரன் முதலில் கேட்பான்!

அமெரிக்கக் கோர்ட்டில் ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார்கள். ஆகவே அங்கு இரண்டு நாற்காலி கூடினால் தீர்ப்பே தலைகீழாகும். இங்கோ இரண்டிரண்டு பேராகவும் மூன்று மூன்று பேராகவும் பெஞ்சு போட்டு உட்காருகிறார்கள். அரசியல் சட்டப் பிரச்சனை என்றால் குறைந்தது ஐந்து பேர். எந்த வழக்கு எந்தப் பெஞ்சுக்கு என்று பிரிப்பது பிரதம நீதிபதியின் கையில். இப்படிப் பிரிப்பதில் ஒழுங்கில்லை என்று சொல்லித்தான் 2018 ஜனவரியில் நான்கு மூத்த ஜட்ஜுகள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு முறையிட்டார்கள். அன்றியும், 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்த இரண்டொரு நாளில், மூத்தவர்கள் மூவரைத் தாண்டி நான்காமவரைப் பிரதம நீதிபதியாக்கிக் கொண்டது இந்திரா காந்தி சர்க்கார். அதற்கு ஒரு நாற்காலியாவது கூட்டவேண்டியிருந்ததா? ஆகவே எண்ணிக்கையைப் பூட்டுவது நம் நாட்டில் வாசற்கதவை மட்டும் பூட்டுகிற காரியமாகும். கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது.

நிற்க, அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்கள் யார் என்று பார்ப்போம். 2018 முதல் 2022 முடிய ஐக்கோர்ட்டுகளுக்கு நியமிக்கப்பட்ட 537 ஜட்ஜுகளில் நூற்றுக்கு 79 பேர் முன்னேறிய வகுப்பார் என்று சர்க்காரே பார்லிமெண்டுக் கமிட்டிக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டவர்கள் நூற்றுக்கு 11. தாழ்த்தப்பட்டவர்கள் மூன்று பேர்கூட இல்லை. சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகளில் பெரும்பாலோர் ஐக்கோர்ட்டுகளிலிருந்தே எடுக்கப்படுகிறவர்கள். குளத்தில் இல்லாதது மடையில் எப்படி வரும்? 1950இல் ஆரம்பித்த கோர்ட்டுக்கு முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு ஜட்ஜாக நம் சென்னையிலிருந்து தோழர் வரதராஜன் போய்ச் சேர்ந்தது 1980இல். முதல் பெண் ஜட்ஜு பாத்திமா பீவி அம்மையார் வந்தது 1989இல். 2025 முடிய ஒரு பெண்ணும் பிரதம நீதிபதியானதில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு 1951ஐ ஞாபகப்படுத்துகிறோம். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவுப்படி 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஓர் ஒழுங்கு இருந்து வந்தது. அதைச் சம்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்று தள்ளினார்கள் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் 7 பேர். (வழக்குப் போட்ட அம்மையார் காலேஜில் இடம் கேட்டு மனுவே போட்டிருக்கவில்லை என்பது வேறு வேடிக்கை!) பெரியாரும் தமிழ்நாட்டு மக்களும் செய்த கிளர்ச்சியின் பேரில் அவ்வாண்டே அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்தி 15(4) என்ற விதியைச் சேர்க்க வேண்டி வந்தது. அன்று 7 பேருக்குப் பதில் 70 பேர் அதே மாதிரி ஆசாமிகளாக உட்கார்ந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று கேட்கின்றோம். எந்த ஜட்ஜின் நாணயத்தையும் நாம் குறை சொல்லவில்லை. பட்டினி கிடந்தறியாதவனுக்குப் பந்தி பேதம் கண்ணில் படாது என்றுதான் சொல்லுகிறோம்.

பந்தி என்றதும் சேரன்மாதேவி நினைவுக்கு வராமல் போகுமா? தாமிரபரணிக் கரையில் காங்கிரஸ் பணத்தையும் வாங்கிக்கொண்டு நடந்த குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. அங்கு இலை குறைவு என்றா சண்டை வந்தது? 1925இல் காஞ்சிபுரம் மகாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடம் இல்லை என்றதும் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு இந்தச் சேரன்மாதேவி அனுபவமும் ஒரு காரணம்.

"தகுதி, திறமை கெட்டுப்போகுமே" என்பார்கள். தகுதியைப் பரீட்சை வைத்தா பார்க்கிறார்கள்? 1993 முதல் ஜட்ஜுகளே கதவைச் சாத்திக்கொண்டு ஜட்ஜுகளைப் பொறுக்குகிறார்கள். 2014இல் 99ஆவது திருத்தமாக வந்த நியமனக் கமிஷனில், வெளியார் இருவருள் ஒருவர் தாழ்த்தப்பட்டோர், மலைவாசிகள், பிற்பட்டோர், சிறுபான்மையோர், பெண்கள் ஆகிய இவர்களிலிருந்து வரவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 2015இல் சுப்ரீம் கோர்ட்டு 4க்கு 1 என்று அந்தத் திருத்தத்தையே செல்லாதாக்கிற்று. சர்க்காரின் கை உள்ளே நுழைந்துவிடும் என்று அவர்கள் பயந்ததில் அர்த்தம் உண்டு. 1973ஐ நாமே மேலே சொன்னோம். ஆனால் அந்த ஒரு வரியும் அதோடு போயிற்றே!

இப்பொழுது வக்கீல் நண்பருக்கு நம் பதில். பூட்டுவதை நாம் ஆதரிக்கிறோம். ஏன்? சுப்ரீம் கோர்ட்டைப் பற்றிய அத்தியாயத்தைத் திருத்துவதானால் 368ஆவது விதிப்படி, பார்லிமெண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு, மாகாணச் சட்டசபைகளில் பாதியாவது ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணச் சட்டத்துக்கு இல்லாத இந்தத் தடையில்தான் நம் போன்றவர்களுக்குப் பேச்சு இருக்கிறது. அப்படி ஒரு திருத்தம் சென்னைக்கு வருகிற அன்று, வெறும் எண்ணுக்குக் கை தூக்கிவிடக் கூடாது. எண்ணை மாற்றினால் அடுத்த பொதுத் தேர்தலுக்குப் பிறகே அது அமுலுக்கு வரவேண்டும்; நாற்காலிகள் வகுப்புவாரியாகவும் பெண்களுக்கும் பங்கிடப்பட வேண்டும்; சென்னையில் ஒரு பெஞ்சு உட்கார வேண்டும். இம்மூன்றும் அதே திருத்தத்தில் இல்லாவிட்டால் நம் சட்டசபை அதைத் திருப்பி அனுப்பவேண்டும்.

மூன்றாவது கோரிக்கை புதிதல்ல. டில்லிக்கு வெளியே உட்கார 130ஆவது விதியே இடம் கொடுக்கிறது. 2009இல் லா கமிஷனும் நாலு திசையிலும் பெஞ்சு வைக்கச் சொல்லிற்று. மதுரைக்கு ஐக்கோர்ட்டுப் பெஞ்சு 2004இல் வந்தபின்தான் அம்பாசமுத்திரத்துக்காரன் விடியற்காலை பஸ் ஏறி வாய்தாவைக் கேட்டுவிட்டு இரவில் வீடு திரும்ப முடிகிறது. டில்லிக்கோ இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போனாலும் அங்கே பேசுகிற பாஷை அவனுக்குப் புரியாது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி ஜில்லாச் சட்டசபை அங்கத்தினர்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறோம். எந்தக் கட்சியாராயினும் எழுதியனுப்பினால் ஒரு வரியும் குறைக்காமல் பிரசுரிப்போம்.